டிசம்பரில் தொடங்கும் பருவம்: இந்தியப் பல்கலைக்கழகத் தடகளத்திற்கு இல்லாதது கூரைதானா?

2025 பிப்ரவரி 21 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்த உள்ளரங்கத் தடகளப் போட்டியொன்றில் குல்வீர் சிங் 5000 மீட்டர் தொலைவை 12 நிமிடம் 59.77 நொடிகளில் ஓடி முடித்தார். 13 நிமிடங்களுக்குள் அத்தொலைவைக் கடந்த முதல் இந்தியர் அவரே. இந்தியப் படைவீரர் ஒருவரின் சாதனையாக அச்செய்தி நாளிதழ்களில் இடம்பெற்றது. அதன் ஓரத்தில் கிடந்த ஒரு விவரம் மட்டும் கல்விப்புலத்தாரின் கவனத்திற்கு வரவில்லை. அவர் ஓடிய தடம் ஒரு பல்கலைக்கழகத்திற்கு உரியது. போட்டியை நடத்தியதும் அந்தப் பாஸ்டன் பல்கலைக்கழகமே. கல்லூரி மாணவர்களுக்காக ஆண்டுதோறும் அங்கே நடக்கும் பல போட்டிகளுள் அதுவும் ஒன்று. தொழில்முறை ஓட்டக்காரர்கள் அதில் விருந்தினர்களைப் போல வந்து சேர்ந்துகொள்கிறார்கள்.

ஒரு நாட்டின் நெடுந்தொலைவு ஓட்ட வரலாற்றில் பதியத்தக்க ஒரு நேரம் வேறொரு நாட்டின் கல்லூரிப் போட்டியில் பதிவாவது தற்செயலான நிகழ்வன்று. அதற்குப் பின்னால் ஒரு நாட்காட்டி இருக்கிறது. அந்த நாட்காட்டியின் மிக எளிய பகுதி, பதக்கமோ தொலைக்காட்சியோ எட்டிப் பாராத அதன் தொடக்க வாரங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்கள் கற்க வேண்டிய பாடம் அந்த வாரங்களில்தான் இருக்கிறது.

அமெரிக்கக் கல்லூரித் தடகளம் ஒரு கல்வியாண்டுக்குள் மூன்று பருவங்களாக நடக்கிறது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களுக்குக் கிராஸ் கன்ட்ரி. டிசம்பர் தொடங்கி மார்ச் நடுப்பகுதி வரை உள்ளரங்கப் பருவம். மார்ச் இறுதியிலிருந்து ஜூன் வரை திறந்தவெளிப் பருவம். கல்லூரி விளையாட்டை ஒழுங்குபடுத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, ஆண்களுக்கான தேசிய உள்ளரங்கப் போட்டியை 1965இல் டெட்ராய்ட் நகரில் தொடங்கியது. பெண்களுக்கு அந்த வாய்ப்பு 1983இல்தான் கிடைத்தது. பனி மூடிய மாநிலங்களில் ஓடுவதற்குக் கூரை வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்த ஏற்பாடு இது.

உள்ளரங்கத்தின் இலக்கணமே வேறு. ஓடுதளத்தின் ஒரு சுற்று 400 மீட்டருக்குப் பதிலாக 200 மீட்டர். வளைவுகள் பல அரங்குகளில் சரிவாக உயர்த்தப்பட்டிருக்கும். 100 மீட்டர் ஓட நேர்த்தடம் போதாது. ஆகவே 60 மீட்டர். ஈட்டி, வட்டு, சங்கிலிக்குண்டு ஆகியவற்றைக் கூரைக்குள் எறிய இயலாது; குண்டு எறிதலுடன், குறுகிய பிடி கொண்ட கனமான எடையை எறியும் போட்டி அவற்றின் இடத்தை நிரப்புகிறது. ஆண்களுக்கு அதன் எடை 35 பவுண்டு, பெண்களுக்கு 20 பவுண்டு. பலதிறப் போட்டியில் ஆண்களுக்கு ஏழு நிகழ்வுகள், பெண்களுக்கு ஐந்து. கோடையில் வட்டு எறிபவர் குளிர்காலத்தில் குண்டு எறிகிறார். 400 மீட்டர் ஓட்டக்காரர் 60 மீட்டரில் தம் புறப்பாட்டைச் சோதிக்கிறார்.

இப்பருவத்தின் உச்சம் பிப்ரவரி இறுதியில் நடக்கும் மண்டலப் போட்டிகளும், மார்ச்சில் நடக்கும் தேசியப் போட்டியும். டிசம்பரிலும் ஜனவரியிலும் நடப்பவை வேறு வகையானவை. நான்கைந்து கல்லூரிகள் ஒரு சனிக்கிழமை கூடும். சில கூட்டங்களில் 300, 500, 600, 1000 மீட்டர் என்று உலகப் போட்டிகளில் தனி நிகழ்வாக இல்லாத தொலைவுகள் ஓடப்படும். பயிற்சிச் சுமையைக் குறைக்காமலேயே பயிற்றுநர்கள் மாணவர்களை அனுப்புவார்கள். கால்கள் களைத்திருக்கும், நேரங்கள் மந்தமாக இருக்கும். அதைப் பற்றி யாரும் வருந்துவதில்லை. கோடைப் பயிற்சியில் எது சேர்ந்தது, எது சேரவில்லை என்பதை அறியும் நாள் அது. நீளம் தாண்டுபவரின் ஓட்டத்தொலைவு அரை அடி கூடிவிட்டதா, தொடர் ஓட்டத்தில் மூன்றாம் இடத்தை யாருக்குத் தருவது, புதிதாக வந்த முதலாண்டு மாணவி கூட்டத்தின் முன் பதறுகிறாரா என்பன போன்ற கேள்விகளுக்கு விடை அங்கே கிடைக்கிறது.

தேசியப் போட்டிக்கான தகுதி முறையும் இதற்கு இசைவாகவே அமைந்துள்ளது. முதல் பிரிவுக் கல்லூரிகளின் தேசியப் போட்டிக்கு ஒவ்வொரு தனிநபர் நிகழ்விலும் 16 பேரும் தொடர் ஓட்டங்களில் 12 அணிகளும் தேர்வாகின்றனர். பருவம் முழுவதிலும் அவர்கள் பதிவு செய்த மிகச் சிறந்த அளவே கணக்கில் கொள்ளப்படும். டிசம்பரில் எத்தனை முறை தோற்றார், ஜனவரியில் எத்தனை முறை கோட்டை மிதித்தார் என்று அந்தப் பட்டியல் கேட்பதில்லை. சரிவற்ற தடத்தில் ஓடியவருக்கும் கடல்மட்டத்திலிருந்து மிக உயரமான ஊரில் ஓடியவருக்கும் நேரங்களை ஈடுசெய்யும் விதிகள் உள்ளன. முடிவுகள் யாவும் பொதுத் தளத்தில் திறந்து கிடக்கின்றன. ஒரு மாணவர் நான்காண்டுகளில் ஓடிய ஒவ்வோர் ஓட்டத்தையும் எவரும் வரிசையாகப் பார்க்கலாம்.

ஆக, தொடக்கப் பருவம் என்பது சாரத்தில் ஓர் உரிமை: தண்டனையின்றித் தோற்பதற்கான உரிமை. கல்வியில் இதற்கு இணையான ஒன்றை ஆசிரியர்கள் நன்கறிவர். அகமதிப்பீடும் மாதிரித் தேர்வும் இன்றி, ஆண்டு முழுவதற்கும் ஒரே தேர்வு வைத்தால் அது மாணவரின் அறிவை அளக்குமா, அன்றைய உடல்நிலையை அளக்குமா என்ற விவாதம் பல்கலைக்கழகங்களில் எப்போதோ நடந்து முடிந்துவிட்டது. பருவமுறையும் தொடர் மதிப்பீடும் அந்த விவாதத்தின் விளைவுகள். விளையாட்டுத் திடலுக்கு மட்டும் அவை இன்னும் சென்று சேரவில்லை.

இந்திய நடைமுறையை எண்ணிப் பார்க்கலாம். இணைவு பெற்ற கல்லூரிகளைக் கொண்ட ஒரு பல்கலைக்கழகத்தின் கீழ் நூற்றுக்கணக்கான கல்லூரிகள் இருக்கக்கூடும். பொதுவாக அவற்றுக்கு ஆண்டுக்கு ஒரு முறை, இரண்டு அல்லது மூன்று நாள், கல்லூரிகளுக்கிடையேயான தடகளப் போட்டி நடக்கும். அதன் முடிவுகளைக் கொண்டு பல்கலைக்கழக அணி தேர்வாகும். சில நாள் முகாம் நடக்கும். பிறகு இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் அனைத்திந்தியப் போட்டிக்கு இரயில் ஏற வேண்டும். அதன் இடமும் மாதமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2020இல் புவனேசுவரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள் இவ்வரிசையில் இன்னொரு படியைச் சேர்த்தன. ஆயினும் அதற்கான தகுதியும் பெரும்பாலும் அனைத்திந்தியப் போட்டியின் முடிவுகளையே சார்ந்திருக்கிறது. ஏணி உயர்ந்தது, முதற்படி அகலமாகவில்லை.

இந்த அமைப்புக்குள் நீளம் தாண்டும் ஒரு முதலாண்டு மாணவியை வைத்துப் பார்த்தால் நிலைமை தெளிவாகும். தகுதிக்கு அவருக்கு மூன்று தாண்டல்கள். பழக்கமில்லாத செயற்கை இழை ஓடுதளத்தில் கால் வேகமாகத் தள்ளப்படுகிறது. பலகையை மீறிக் கால் விழுகிறது. இரண்டாம் தாண்டலிலும் அவ்வாறே. மூன்றாவதில் அஞ்சி அடியைக் குறைத்துக்கொள்கிறார். அளவு பதிவாகிறது, ஆனால் போதவில்லை. அத்துடன் அவருடைய ஓராண்டு முடிந்தது. அடுத்த போட்டி அடுத்த கல்வியாண்டில்தான். அதற்குள் பலர் விட்டுவிடுகிறார்கள். பிழை என்ன என்பது உடற்கல்வி இயக்குநருக்குத் தெரியும். அதைத் திருத்த இரண்டு வாரம் போதும் என்பதும் தெரியும். திருத்திய பின் தாண்டிக் காட்ட ஓர் இடந்தான் இல்லை.

இந்தியப் பல்கலைக்கழகங்கள் திறமையை வளர்க்கவே இல்லை என்று இதற்குப் பொருளன்று. புவனேசுவரத்தின் கே.ஐ.ஐ.டி. பல்கலைக்கழக மாணவியாக இருந்த த்யுதி சந்த், 2019இல் நேப்பிள்ஸ் நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகளில் 100 மீட்டர் ஓட்டத்தை 11.32 நொடிகளில் வென்றார். மங்களூர்ப் பல்கலைக்கழகத்தின் தடகள வலிமைக்குப் பின்னால் மூடபித்ரியின் ஆல்வாஸ் கல்லூரி நிற்கிறது. கேரளத்தின் கல்லூரி விடுதிகள் பல தலைமுறை ஓட்டக்காரப் பெண்களை நாட்டுக்குத் தந்துள்ளன. ஆயினும் இவை ஒரு நிறுவனத்தின் உறுதியாலோ ஒரு பயிற்றுநரின் பிடிவாதத்தாலோ விளைந்தவை. அத்தகைய விடுதிக்குள் நுழைய வாய்க்காத மாணவருக்கு அமைப்பு எதையும் தருவதில்லை. நல்ல அமைப்பு என்பது ஒப்பற்ற பயிற்றுநர் இல்லாத கல்லூரியிலும் ஓரளவு வேலை செய்ய வேண்டும்.

ஒரே போட்டியில் அனைத்தையும் குவிப்பதற்கு இன்னொரு விலையும் உண்டு. இந்தியாவில் போட்டிச் சான்றிதழ் வெறும் நினைவுப்பொருளன்று. இரயில்வே, காவல்துறை, படைப்பிரிவுகள், பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளுக்கும், மேற்படிப்பு இடங்களுக்கும் அதுவே சாவி. ஒரு குடும்பத்தின் வாழ்வு பத்து நொடிகளில் தொங்கும்போது, அந்தப் பத்து நொடிகளை எவ்வாறேனும் வாங்கிவிடத் தூண்டுவோர் திடலோரத்தில் தோன்றிவிடுகிறார்கள். 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டிக்கு ஊக்கமருந்துச் சோதனை அதிகாரிகள் வந்தனர். வீரர்கள் பலர் விலகிக்கொள்ள, ஆண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் ஒரே ஒருவர் ஓடினார். அது பல்கலைக்கழகப் போட்டியன்று; ஆனால் அங்கே ஓடும் வயதினரும் இங்கே ஓடும் வயதினரும் வேறுவேறு அல்லர். ஊக்கமருந்துக்கு ஒரே காரணம் நாட்காட்டி என்று கூறுவது மிகை. சோதனையும் தண்டனையும் தேவை என்பதில் ஐயமில்லை. எனினும், ஆண்டில் எட்டுப் போட்டிகளில் அளவு பதியும் மாணவரின் வளர்ச்சி ஒரு கோடாகத் தெரியும். அதில் திடீரெனத் தோன்றும் தாவல் உடனே கண்ணில் படும். ஆண்டுக்கு ஒரே புள்ளி வைத்திருப்பவரின் வரைபடத்தில் எந்தத் தாவலும் இயல்பாகவே தோன்றும்.

இரு நாட்காட்டிகளுக்கும் இடையே ஓர் இந்திய மாணவர் நசுங்கிய நிகழ்வும் உண்டு. தேஜஸ்வின் சங்கர் 2016இல் கோயம்புத்தூரில் 2.26 மீட்டர் உயரம் தாண்டித் தேசியச் சாதனை படைத்தபோது பள்ளி மாணவர். மறு ஆண்டு கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 2018 பிப்ரவரியில், அவருடைய முதல் உள்ளரங்கப் பருவத்திலேயே, மண்டலப் போட்டியில் 2.28 மீட்டர் தாண்டினார். அதுவரை எந்த இந்தியரும் எங்கும் தாண்டாத உயரம் அது. ஏப்ரலில் திறந்தவெளியில் 2.29. குளிர்காலத்தில் விதைத்தது கோடையில் முளைத்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

2022 ஜூன் மாதம் அமெரிக்கத் தேசியக் கல்லூரிப் போட்டியில் அவர் 2.27 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டுகளுக்கு இந்தியத் தடகளச் சம்மேளனம் நிர்ணயித்த அளவும் அதுவே. ஆனால் அதே வாரத்தில் சென்னையில் மாநிலங்களுக்கிடையேயான தேசியப் போட்டி நடந்தது. அதில் பங்கேற்கவில்லை, விலக்கும் கோரவில்லை என்று சம்மேளனம் அவரை அணியில் சேர்க்கவில்லை. அவர் டெல்லி உயர்நீதிமன்றத்தை நாடினார். நீண்ட இழுபறிக்குப் பின் இறுதி நேரத்தில் அணியில் சேர்ந்து, 2.22 மீட்டர் தாண்டி, காமன்வெல்த் உயரம் தாண்டுதலில் இந்தியாவின் முதல் பதக்கத்தை வென்றார். மறு ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டுகளில் டெகாத்லானில் வெள்ளி.

சம்மேளனத்தின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. உள்நாட்டுப் போட்டியைத் தவிர்ப்போருக்கு விதிவிலக்கு தந்துகொண்டே போனால் உள்நாட்டுப் போட்டி வெறுமையாகிவிடும். ஆனால் அவ்வழக்கு காட்டியது தனியொருவரின் மனக்குறையை மட்டுமன்று. மாணவராக இருப்பதும் வீரராக இருப்பதும் ஒரே மனிதரின் ஒரே ஆண்டுக்குள் நடப்பவை என்ற எளிய உண்மை, இந்திய விளையாட்டு நிருவாகத்தின் கால அட்டவணையில் எங்கும் எழுதப்படவில்லை. வெளிநாட்டில் படித்தவருக்கு நீதிமன்றம் செல்லும் வழி இருந்தது. உள்நாட்டில் ஐந்தாம் பருவத் தேர்வும் அனைத்திந்தியப் போட்டியும் ஒரே வாரத்தில் வந்து விழும் மாணவர் எங்கே செல்வார்? பெரும்பாலும் அவர் இரண்டில் ஒன்றைக் கைவிடுகிறார். எதைக் கைவிட்டாலும் அதை யாரும் பதிவு செய்வதில்லை.

இவ்விடத்தில் வழக்கமாக எழும் மறுமொழி, இந்தியாவிடம் உள்ளரங்கங்கள் இல்லை என்பது. அக்குறையும் மெல்ல நீங்கிவருகிறது. புவனேசுவரத்தின் கலிங்கா விளையாட்டு வளாகத்தில் அண்மைக் காலத்தில் உள்ளரங்கத் தடகள அரங்கம் எழுந்துள்ளது. அதை வரவேற்க வேண்டும்; சர்வதேச உள்ளரங்கப் போட்டிகளுக்குச் செல்வோருக்கு அது பெரும் துணை. ஆனால் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அத்தகைய கூரைக்காகக் காத்திருப்பது, குடை கிடைக்கும்வரை வெயில் நாளிலும் வீட்டைவிட்டு வெளியேறாமல் இருப்பதற்கு ஒப்பாகும். அமெரிக்கர்கள் கூரை கட்டியது பனிக்காக. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை புனே, பெங்களூரு, ஐதராபாத், புவனேசுவரம் போன்ற ஊர்களில் காலை வேளை, ஓடுவதற்கு இயற்கையே அளித்த அரங்கம். வட இந்தியச் சமவெளியில் மூடுபனியும் தமிழகக் கடற்கரையில் வடகிழக்குப் பருவமழையும் தடையாகும் நாட்கள் உண்டு. பிப்ரவரியில் அவையும் விலகிவிடும். உண்மையில் தேசியப் போட்டிகள் பல நடக்கும் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களின் வெப்பமே ஓட்டக்காரருக்குப் பெருந்தடை. உள்ளரங்கப் பருவத்திலிருந்து இந்தியா இரவல் பெற வேண்டியது அதன் சிறுபோட்டிகளை. அதற்குச் சுவர்கள் தேவையில்லை.

அமெரிக்க முறையைப் பொன்போல் போற்றுவதும் தவறாகும். அங்கே கல்லூரி விளையாட்டு என்பது கால்பந்தும் கூடைப்பந்தும் ஈட்டும் பெரும்பணத்தின் நிழலில் வாழ்வது. தடகளம் அந்நிழலில் ஒதுங்கும் ஏழை உறவினர். 2025 ஜூனில் நீதிமன்ற ஒப்புதல் பெற்ற ஹவுஸ் வழக்கின் உடன்பாடு, கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தர வழி திறந்தது. அதே உடன்பாடு, உதவித்தொகை எண்ணிக்கைக்கு இருந்த வரம்பை நீக்கி, அணியின் அளவுக்கு வரம்பு வைத்தது. அதனை ஏற்ற கல்லூரிகளில் தடகள அணிக்கு 45 பேர். உதவித்தொகை ஏதுமின்றி, ஓட வேண்டும் என்ற விருப்பத்தால் மட்டும் அணியில் ஒட்டிக்கொண்டிருந்த மாணவர்களுக்கே இதனால் முதல் இழப்பு. டிசம்பர் மாதத்து மந்தமான ஓட்டங்கள் யாருக்காக இருந்தனவோ அவர்களே வெளியேற்றப்படுகிறார்கள். பணம் பெருகும் இடத்தில் தோற்பதற்கான உரிமை சுருங்குகிறது என்பது அங்கிருந்து வரும் எச்சரிக்கை.

அத்துடன், வாய்ப்புள்ளவர்கள் அந்நாட்டுக்கே சென்றுவிடுவது ஒரு தீர்வாகாது. கலிஃபோர்னியாவின் கால் பாலி கல்லூரிக்காக மும்முறைத் தாண்டுதலில் 1970களின் தொடக்கத்தில் பட்டம் வென்ற மொகிந்தர் சிங் கில் முதல், வடகரோலினாப் பல்கலைக்கழகத்திற்காக 2006இல் வட்டு எறிதலில் வென்ற விகாஸ் கவுடா வரை அந்த வழி நெடியது. சென்னையைச் சேர்ந்த கிருஷ்ணா ஜெயசங்கர், லாஸ் வேகாசில் உள்ள நெவாடாப் பல்கலைக்கழக அணியில் குண்டு எறிந்து, 2025இல் உள்ளரங்கில் 16 மீட்டரைக் கடந்தார். பெருமைக்குரிய பெயர்கள்தாம். ஆனால் இந்தியக் கல்லூரிகளில் பயில்வோரோடு ஒப்பிட்டால் இது ஒரு கைப்பிடி. பல்கலைக்கழக விளையாட்டின் தரத்தை, வெளியேற இயன்றவரைக் கொண்டு அளக்கலாகாது.

அப்படியானால் செய்யத்தக்கது என்ன? முதலாவதாக, ஒரே செயற்கை இழை ஓடுதளத்தை எட்டக்கூடிய தொலைவில் உள்ள ஐந்தாறு கல்லூரிகள், இரு வாரங்களுக்கு ஒரு சனிக்கிழமை வீதம் மூன்று அல்லது நான்கு சிறுபோட்டிகளை நடத்தலாம். தொடக்க விழாவும் சிறப்பு விருந்தினரும் பதக்கமும் வேண்டா. 60, 300, 600 மீட்டர் ஓட்டங்கள், இரண்டு தாண்டல்கள், ஒரு எறிதல், ஒரு தொடர் ஓட்டம்: அரை நாளில் முடிந்துவிடும். நெடுந்தொலைவு பயணமும் தங்குமிடமும் இல்லாததால், இரவு தங்க வீட்டில் இசைவு கிடைக்காத மாணவியரும் பங்கேற்க இயலும். இந்த ஒரு காரணத்துக்காகவே இதைத் தொடங்கலாம்.

இரண்டாவதாக, பல்கலைக்கழக அணித் தேர்வில் ஆண்டுப் போட்டியோடு இச்சிறுபோட்டிகளின் சிறந்த அளவையும் கணக்கில் எடுக்க வேண்டும். மூன்று பிழைத் தாண்டல்கள் ஓராண்டை விழுங்கும் நிலை அப்போதுதான் மாறும். ஆண்டுப் போட்டியின் வெற்றியாளருக்கு ஓர் இடத்தை உறுதி செய்துவிட்டு, மற்ற இடத்தைப் பட்டியலுக்கு விடலாம்.

மூன்றாவதாக, அளவு நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். மின்னணு நேரக்கணிப்புக் கருவியையும் காற்றளவியையும் ஒவ்வொரு கல்லூரியும் வாங்க இயலாது. பல்கலைக்கழகம் ஒரு தொகுதியை வாங்கிச் சுழற்சியில் தரலாம். கைக்கடிகார நேரத்தைத் தனிக் குறியுடன் பதியலாம். முடிவுகளை அன்றே பொதுவெளியில் இட வேண்டும். இன்று பல பல்கலைக்கழகங்களின் கல்லூரிப் போட்டி முடிவுகளைத் தேடிக் கண்டெடுப்பதே ஓர் ஆய்வுப்பணி. அப்பட்டியல் ஐந்தாண்டுகள் திரண்டால், உடற்கல்வித் துறைக்கும் புள்ளியியல் துறைக்கும் சமூகவியல் துறைக்கும் முனைவர் பட்டத் தலைப்புகள் பல கிடைக்கும்: எந்த மாவட்டத்தில் திறமை வாடுகிறது, எந்த ஆண்டில் மாணவியர் விலகுகிறார்கள், விடுதி வசதி எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பனவெல்லாம் ஊகமாக இல்லாமல் எண்களாகக் கிடைக்கும்.

நான்காவதாக, வருகைப்பதிவு. போட்டி நாளை வருகை நாளாகக் கொள்வதும், தேர்வோடு மோதினால் மறுதேர்வு தருவதும் துறைத்தலைவரின் நல்லெண்ணத்தைப் பொறுத்த சலுகையாக இருத்தலாகாது. கல்விக்குழு இயற்றிய விதியாக இருத்தல் வேண்டும். அதற்கு எதிர்க்கடனும் உண்டு. என்.சி.ஏ.ஏ. விதிப்படி பருவக் காலத்தில் வாரத்திற்கு 20 மணிநேரத்துக்கு மேல் கட்டாயப் பயிற்சி தரலாகாது. படிப்பில் குறைந்தபட்ச முன்னேற்றம் காட்டாதவர் அணியில் இடம்பெற இயலாது. இத்தகைய இருமுகக் கட்டுப்பாடு இருந்தால்தான் வகுப்பாசிரியரும் உடற்கல்வி இயக்குநரும் மாணவரை ஆளுக்கொரு பக்கம் இழுக்காமல் இருப்பார்கள்.

போட்டிகள் மிகுந்தால் காயங்கள் மிகும் என்று சில பயிற்றுநர்கள் அஞ்சுகிறார்கள். அச்சம் பொருளுடையதே, ஒவ்வொரு சனிக்கிழமையும் உயிரைக் கொடுத்து ஓடச் சொன்னால் அது நடக்கும். ஆனால் தொடக்கப் பருவத்தின் நோக்கம் அதற்கு மாறானது. பழக்கமற்ற தொலைவு, குறைவான நிகழ்வுகள், இழப்பதற்கு ஏதுமற்ற சூழல் ஆகியவை உடலுக்கு ஒத்திகை. மாறாக, ஆண்டு முழுவதும் போட்டியின் வேகத்தை அறியாத தசைநார், ஒரே நாளில் தகுதிச்சுற்று, அரையிறுதி, இறுதி என மூன்று முறை முழுவிசையில் இழுக்கப்படும்போது என்னாகும் என்பதை இன்றைய ஆண்டுப் போட்டிகளின் முதலுதவிக் கூடாரத்தில் நின்றால் அறியலாம்.

இவற்றுள் எதற்கும் புதிய சட்டமோ பெருநிதியோ தேவையில்லை. கட்டடம் எழுப்பினால் கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம். சனிக்கிழமைப் போட்டிக்குக் கல்வெட்டு இல்லை. அதனாலேயே முன்னது எளிதாகவும் பின்னது அரிதாகவும் இருக்கின்றன. பல்கலைக்கழகங்கள் அடுத்த கல்வியாண்டின் நாட்காட்டியை அச்சிடும்போது, தேர்வு நாட்களுக்கும் விடுமுறைகளுக்கும் இடையே ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் நான்கு சனிக்கிழமைகளை ஒதுக்கி எழுத ஒரு துணைவேந்தரின் ஒப்புதல் போதும். முதல் சனிக்கிழமையில் மூன்று முறையும் பலகையை மிதித்த மாணவிக்கு, ஓட்டத்தொலைவைத் திருத்திக்கொள்ள அப்போது பதினான்கு நாட்கள் இருக்கும்.